கடைசலும் அலுமினியமும்

‘கடை’ என்னும் வினைச்சொல் தமிழில் பல தொழில்களுக்கு உரியது. தயிரைக் கடைகின்றோம், கீரையைக் கடைகின்றோம், தச்சர் மரத்தைக் கடைகின்றனர், பண்டை மக்கள் தீயையும் கடைந்தே பெற்றனர். வெவ்வேறாகத் தோன்றும் இத்தொழில்கள் யாவற்றிற்கும் ஒரே சொல் அமைந்தது ஏன் என ஆராய்வோமாயின், அவற்றுள் மூன்றனுக்கேனும் ஒரு பொதுத்தன்மை உண்டென்பது விளங்கும். மத்தின் தண்டிற் கயிற்றைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தலால் மத்துச் சுழலுகின்றது. ஞெலிகோலாகிய தீக்கடைகோலும் கைகளாலோ கயிற்றாலோ அவ்வாறே சுழற்றப்பட்டது. மரங்கடையும் பழைய கருவியும் இம்முறையிலேயே இயங்கிற்று. இரு முளைகளுக்கிடையே மரத்துண்டு பொருத்தப்படும். அதன்மேற் கயிறு சுற்றப்படும். துணையாள் ஒருவன் கயிற்றை முன்னும் பின்னும் இழுப்பான். கடைபவர் உளியை அதன்மேற் சார்த்துவார். தயிரில் மத்துச் சுழன்றது. இங்கே மரமே மத்தாயிற்று. இஃதொன்றே வேறுபாடு.

‘கடைந்தெடுத்த’ என்னும் தொடரை இக்காலத்தார் பெரும்பாலும் தீயோரைச் சுட்டுதற்கே வழங்குகின்றனர். கழிப்பன யாவும் கழிந்தபின் எஞ்சி நிற்கும் திரண்ட பொருள் என்பதே அதன் கருத்து. வெண்ணெய்க்கும் மணிக்கும் உரிய இந்நல்ல சொல் இங்ஙனம் இழிந்தமை இரங்கத்தக்கது.

கயிற்றால் இயங்கும் பொறியில் ஒரு குறை இருந்தது. மரம் ஒருபுறம் சுழலும்போது மட்டுமே உளி வெட்டும். மறுபுறம் சுழலும்போது உளியைச் சிறிதே விலக்கிக்கொள்ளல் வேண்டும். ஆகவே உழைப்பிற் பாதி வீணாயிற்று. பெருஞ்சக்கரத்தையும் வாரையும் கொண்டு ஒரே திசையிற் சுழற்றும் முறை பின்னர் வந்தது. அதன்பின் மின்னோடி வந்தது. ஆயினும், மரக்கடைசற் பொறியின் இயல்பு மாறவில்லை. ஒருபுறம் சுழலும் தலைப்பகுதி, மறுபுறம் முனையைத் தாங்கும் வாற்பகுதி, இரண்டையும் இணைக்கும் நீண்ட படுகை, இடையே உளியைச் சார்த்துதற்குரிய தாங்கி ஆகிய நான்குமே அதன் உறுப்புகள். பட்டறைகளிற் ‘சக்கு’ என வழங்கும் கவ்வி தலைப்பகுதியிற் பொருந்திக் கடைபொருளைப் பற்றிக்கொள்ளும்.

இரும்புப் பட்டறைகளிற் காணப்படும் ‘லேத்து’ என்னும் பொறிக்கும் இந்நான்கு உறுப்புகள் உண்டு. எனினும் அதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. இரும்புக் கடைசலில் வெட்டும் கருவி திருகாணிகளால் இறுகப் பிணிக்கப்பட்டிருக்கும். கைப்பிடிச் சக்கரத்தைத் திருப்பினால் அஃது இம்மியளவாக முன்செல்லும். மரக்கடைசலிலோ உளி மனிதன் கையிலேயே இருக்கின்றது. எவ்வளவு அழுத்துவது, எங்கே வளைப்பது, எப்பொழுது விலக்குவது என்பன யாவும் கையும் கண்ணும் செவியும் கூடித் தெளிபவை. இதனாலேயே மரங்கடைவோன் நினைத்த வளைவைத் தடையின்றி வரைந்துவிடுகின்றான். இரும்பு லேத்தில் நேர்கோடு எளிது, வளைவு அரிது. மரக்கடைசலில் வளைவு எளிது, நேர்கோடே அரிது.

தென்னாட்டில் இத்தொழில் இன்றும் அழியாதிருக்கும் ஊர்கள் சில உள. கருநாடகத்துச் சென்னப்பட்டணமும், ஆந்திர நாட்டு எட்டிக்கொப்பாக்காவும், திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரமும் மரச்செப்புகளுக்கும் விளையாட்டுப் பொருள்களுக்கும் பெயர் பெற்றவை. சென்னப்பட்டணத்தார் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்ண அரக்குக் கோலை அதன்மேல் அழுத்துவர். உராய்வால் எழும் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தின்மேற் படியும். பின்னர்த் தாழை மடலைச் சார்த்திப் பளபளப்பேற்றுவர். வேறு தொழில்களிற் பகையாகக் கருதப்படும் உராய்வு வெப்பம் இங்கே வேலையாளாகி நிற்கின்றது. இதனை நினைவிற்கொள்க, அதே வெப்பம் பகையாகும் இடம் பின்னர் வரும்.

மரத்துக்கென அமைந்த இப்பொறியில் உலோகத்தைக் கடைதல் கூடுமோ? ‘கூடாது’ என்பாரே பலர். இரும்பையும் எஃகையும் பொறுத்தவரை அவர் கூற்று முற்றிலும் சரியே. எஃகு மெல்லச் சுழலவேண்டும், பெருவிசையால் வெட்டப்படவேண்டும். மரக்கடைசற் பொறி விரைந்து சுழல்வது. அதன் உளியைத் தாங்குவது கையன்றி வேறில்லை. எஃகின் விசையைக் கை தாங்காது. ஆனால் அலுமினியத்தின் இயல்பு வேறு. வளையம், குமிழ், பம்பரம், சதுரங்கக் காய், எழுதுகோல் உறை, பெட்டியின் முடி முதலிய அழகுப்பொருள்களை அலுமினியத்தில் மரக்கடைசற் பொறியிலேயே செய்வோர் பல நாடுகளிலும் உளர். அது யாங்ஙனம் இயலுகின்றது என்பதை அறிய, அவ்வுலோகத்தின் வரலாற்றையும் தன்மையையும் சிறிது அறிதல் வேண்டும்.

நிலவுலகின் மேலோட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு அலுமினியமே. உலோகங்களுள் அதனினும் மிகுதியாக அங்குள்ளது வேறொன்றில்லை. செம்மண்ணிலும் களிமண்ணிலும் நாம் அதனை மிதித்தே நடக்கின்றோம். ஆயினும், செம்பையும் இரும்பையும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்த மனிதன், அலுமினியத்தை 1825-ஆம் ஆண்டுவரை கண்ணாற் கண்டதில்லை. காரணம், அஃது உயிர்வளியோடு கொண்ட நட்பு. அந்நட்பு கரியாலும் நெருப்பாலும் பிரிக்க இயலாதது. டென்மார்க்கு நாட்டு ஊர்ஸ்டெடு என்பார் 1825-இல் அதனைச் சிறிதளவு பிரித்தெடுத்தார். செருமானியராகிய ஊலர் 1827-இல் அம்முறையைத் திருத்தினார். பிரெஞ்சு நாட்டுத் தெவீல் என்பார் 1854-இல் ஓரளவு மிகுதியாகச் செய்யும் வழி கண்டார். மூன்றாம் நெப்போலியன் அவருக்குப் பொருளுதவி புரிந்தான். 1855-இல் பாரிசு மாநகரிற் கூடிய பொருட்காட்சியில் அலுமினியக் கட்டிகள் அரும்பொருளாக வைக்கப்பெற்றன. 1856-இல் பிறந்த அம்மன்னன் மகனுக்குப் பொன்னோடும் மணிகளோடும் அலுமினியத்தையும் சேர்த்துக் கிலுகிலுப்பை செய்தளித்தனர். இன்று தெருவோரக் கடைகளில் அடுக்கிக் கிடக்கும் சோற்றுப் பானையின் உலோகம் அன்று அரசிளங்குமரனின் கைப்பொருள்!

அமெரிக்க நாட்டில் வாசிங்டன் நினைவுத் தூண் 1884-இல் நிறைவெய்தியபோது, அதன் உச்சியில் அலுமினியத்தாலான சிறு கூம்பொன்று பொருத்தப்பெற்றது. அதன் எடை 100 அவுன்சு. அதாவது மூன்று கிலோகிராமிற்குச் சற்றுக் குறைவு. அதனை உச்சிக்கு ஏற்றுமுன் நியூயார்க்கு நகரத்து அணிகலக் கடையொன்றில் மக்கள் காண வைத்தனர். அணிகலக் கடையே அதற்குரிய இடமென அக்காலத்தார் எண்ணினர் என்றால், அதன் அருமையை வேறு கூறவும் வேண்டுமோ?

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1886-இல் அமெரிக்க இளைஞர் சார்லசு மார்ட்டின் ஹாலும், பிரெஞ்சு இளைஞர் பால் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே முறையைக் கண்டனர். உருகிய கிரையோலைட்டு என்னும் கனிமத்தில் அலுமினிய ஆக்சைடைக் கரைத்து, அதனூடே மின்சாரத்தைச் செலுத்தினால் உலோகம் அடியிற் படிகின்றது. இருவரும் 1863-இல் பிறந்தவர், 1914-இல் மறைந்தவர். கண்டுபிடித்த காலத்தில் இருவர்க்கும் இருபத்து மூன்று வயதுகூட நிரம்பவில்லை அல்லது அப்போதுதான் நிரம்பியிருந்தது. இன்றளவும் உலகில் மண்ணிலிருந்து எடுக்கப்படும் அலுமினியம் பெரிதும் இம்முறையாலேயே ஆக்கப்படுகின்றது. ஒரு கிலோகிராம் உலோகத்துக்கு 13 முதல் 15 யூனிட்டு வரை மின்சாரம் செலவாகும்.

நம் நாட்டில் இவ்வுலோகம் கைத்தொழிலாகக் காலூன்றிய இடம் சென்னையே. ஆல்பிரடு சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர், சென்னைக் கலைப்பள்ளியில் 1898-இல் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் பிரிவொன்றைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் வழங்கிய அடுக்களைகளில் வெண்ணிறப் பாத்திரங்கள் நுழைந்தது அதன்பின்னரே. 1903-இல் அத்தொழில் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அக்காலத்தில் உலோகம் கடல் கடந்தே வந்தது. கேரளத்து ஆலுபுரத்தில் 1943-இலும், நம் மேட்டூரில் 1965-இலும் உருக்கு வேலை தொடங்கிற்று. சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் எடுத்த பாக்சைட்டு மேட்டூருக்கு வந்தது. அங்குள்ள உருக்காலை 2008-இல் நிறுத்தப்பட்டது.

இனி, அதன் தன்மையைக் காண்போம். அலுமினியம் இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உடையது. 660 பாகை வெப்பத்தில் உருகுவது. வெப்பத்தை விரைந்து கடத்துவது. தூய அலுமினியம் மிக மென்மையானது. மென்மையானது ஆகலின் கடைதற்கு எளிது என்று எண்ணுதல் பிழை. களிமண்ணை உளியால் வெட்டுவார் அறிவர், மென்மை வேறு, வெட்டுதற்கு இணங்குதல் வேறு என்பதை. தூய அலுமினியம் வெட்டப்படாமல் இழுபடும், உளிமுனையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய உலோகமே பின்னர் உளியாக நின்று மேற்பரப்பைப் பிறாண்டும். ஆகவே கடைவோர் கலப்புலோகத்தையே நாடுவர். 6061 என்னும் எண்ணாற் குறிக்கப்படும் கலப்பில் மக்னீசியம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றும், சிலிக்கன் அதனினும் சிறிது குறைவாகவும் சேர்ந்துள்ளன. இத்துணைச் சிறு சேர்க்கையால் உலோகம் திண்மை பெற்றுத் தூய்மையாக வெட்டுப்படுகின்றது. பழைய பாத்திரத்தை உருக்கி வார்த்த கட்டியைக் கடைதல் சிக்கனமாகத் தோன்றலாம். உள்ளே காற்றுக் குமிழிகளும் மணலும் கலந்திருக்குமாயின், பாதி வேலையில் உளி துள்ளும், அச்சிக்கனம் பயனற்றதாகும்.

மற்றொரு தன்மை பெரிதும் வியத்தற்குரியது. வெட்டிய நொடியிலேயே அலுமினியத்தின்மேல் உயிர்வளி படிந்து, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமாகின்றது. இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே பரவும். அலுமினியத்தின் படலமோ உலோகத்தை இறுகப் பற்றி அதனைக் காக்கும். அப்படலம் எப்பொருளோ அப்பொருளின் படிகமே மாணிக்கமும் நீலமும். நிறத்துக்குக் காரணம் அவற்றிற் கலந்த சிறிதளவு வேற்றுலோகங்கள். பட்டறையில் மெருகிடப் பயன்படும் எமரித் தாளின் கூரிய துகளும் பெரும்பான்மையும் அதே பொருள். எனவே, அலுமினியத்தை மெருகேற்றுவது அலுமினியத்தின் ஆக்சைடே என்பது அறியத்தக்கது.

ஈட்டி மரத்தாற் செய்த சிறு பெட்டியொன்றின் மூடிக்கு அலுமினியக் குமிழ் செய்வதாக வைத்துக்கொள்வோம். கடைசற்காரர் 25 மில்லிமீட்டர் குறுக்களவுடைய கோலில் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் நீளம் அறுத்துக்கொள்வார். குமிழுக்கு 60 மில்லிமீட்டர் போதும். எஞ்சியது கவ்வியிற் பிடித்தற்கு உரியது. கோல் கவ்வியில் இறுகியபின், மறுமுனையின் நடுவில் சிறு குழி துளைத்து, வாற்பகுதியின் கூர்முனையை அதிற் பொருத்துவார். மரத்தைப் பொருத்துவது போல் ‘போதும்’ என்ற அளவில் பிடித்தல் இங்குப் போதாது. மரம் தளர்ந்தால் தேயும். உலோகம் தளர்ந்தால் எகிறும்.

அடுத்தது வேகம். 25 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கோலின் சுற்றளவு ஏறத்தாழ 78.5 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 1,000 முறை சுழன்றால் அதன் மேற்பரப்பு உளியை 78.5 மீட்டர் நீளம் கடக்கும். கையாற் கடைதற்கு இது தக்க வேகம். இதே பருமனுள்ள மரத்தை 2,000 சுற்றிலோ அதற்கு மேலுமோ கடைந்து பழகியவர், பொறி சோம்புகின்றது என்று முதலில் எண்ணுவர். குறுக்களவு 50 மில்லிமீட்டராயின் சுற்றைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். குமிழின் கழுத்து 8 மில்லிமீட்டராக மெலியும்போது அங்கே மேற்பரப்பின் வேகம் 25 மீட்டராகத் தாழும். ஆகவே ஒரே பொருளில் ஒரே சுற்றில், வயிற்றில் வேகமும் கழுத்தில் மெத்தனமும் உளவாம். கை இவ்வேறுபாட்டை உணர்ந்து நடத்தல் வேண்டும்.

மரத்தைச் சீவும் அகன்ற உளிகள் இங்கு உதவா. அவை உலோகத்தில் மாட்டிக்கொண்டு கையிலிருந்து பறிபடும். சுரண்டும் இயல்புடைய திண்ணிய உளியே ஏற்றது. சதுர எஃகுக் கம்பியின் நுனியைக் கோணலாகத் தேய்த்துச் செய்த கூருளியும் நன்று. கடிகாரம் பழுதுபார்ப்போர் சிறு அச்சுகளைக் கடைதற்கு இத்தகைய கருவியையே நெடுங்காலமாகக் கையாளுகின்றனர். உளியின் மேல்முகத்தை எண்ணெய்க் கல்லில் தேய்த்துக் கண்ணாடிபோற் செய்தல் இன்றியமையாதது. அம்முகம் எவ்வளவு வழவழப்பாக உள்ளதோ, அவ்வளவுக்கு உலோகம் ஒட்டாது வழுக்கிச் செல்லும். தாங்கியைக் கடைபொருளுக்கு மிக அணுகி, சில மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்துதல் வேண்டும். உளிமுனை அச்சின் நடுமட்டத்தில் நிற்க, பிடி சிறிதே உயர்ந்திருப்பது நலம். பிடி தாழ்ந்து முனை மேல்நோக்குமாயின், சுழலும் உலோகம் உளியைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். இவ்வாறு உளி சிக்குதலே மரக்கடைசலில் அலுமினியத்தைத் தொடுவார்க்கு நேரும் முதல் இடர்.

ஒரு முறைக்குக் கால் மில்லிமீட்டர் ஆழமே வெட்டினாற் போதும். உளி சரியாக வெட்டும்போது சீரான மெல்லொலி எழும். வெள்ளிய சுருள்கள் நீண்டு வீழும். கீச்சென்ற ஒலி எழுந்தால் உளி மழுங்கியதென்றோ, தாங்கியினின்று அதன் முனை மிக நீண்டு நிற்கின்றதென்றோ அறிக. மேற்பரப்பில் சிறுசிறு கிழிசல்கள் தோன்றினால் உளிமுனையில் உலோகம் ஒட்டியுள்ளது என்பது பொருள். அப்போது பொறியை நிறுத்தி, முனையைத் துடைத்து, மண்ணெண்ணெய் ஒரு துளியோ மெழுகோ தடவித் தொடர்வர். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் பழகிய துணை. ஆனால் அது தீப்பற்றுவது. தூரிகையால் ஒரு துளி தொட்டு வைப்பதே முறை, ஊற்றுதல் முறையன்று.

முன்னர் நினைவிற்கொள்ளுமாறு கூறிய வெப்பம் இங்கே வருகின்றது. மரத்தில் உராய்வு வெப்பம் தொட்ட இடத்தோடு நிற்கும். அலுமினியத்திலோ ஒரு முனையிற் பிறந்த வெப்பம் விரைவில் கோல் முழுதும் பரவும். 100 மில்லிமீட்டர்க் கோல் 50 பாகை வெப்பம் ஏறினால், அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக வளரும். சிறிதென்று தள்ளற்க. இருபுறமும் இறுகப் பிடித்த கோல் வளர இடமின்றி வாற்பகுதியின் முனையை நெருக்கும்; நெருக்கத்தால் மேலும் வெப்பம் எழும். ஆகலின், இடையிடையே நிறுத்தி வாற்பகுதியைச் சிறிது தளர்த்தி மீண்டும் பொருத்துதல் வேண்டும். கோல் சூடுற்றதா என்பதைப் பொறி நின்றபின், புறங்கையை அருகிற் கொண்டுசென்று அறியலாம்.

சுருள்களைப் பற்றித் தனியே கூறாதொழிதல் தகாது. மரச்சுருள் கையிற் பட்டால் கூச்சமே தரும். அலுமினியச் சுருளின் ஓரமோ சவரக் கத்தி போன்றது. சுழலும் பொருளைச் சுற்றிக்கொண்டு தொங்கும் சுருளைக் கையால் இழுத்துவிட எவர்க்கும் ஆசை தோன்றும். அவ்வாறு இழுத்தவர் விரலை இழந்ததுண்டு. பொறியை நிறுத்திய பின்னரே, அதுவும் தூரிகையாலோ கம்பிக் கொக்கியாலோ அகற்றுதல் வேண்டும். கையுறை அணிந்தால் காப்பு என்று எண்ணுவோர் உளர். சுழலும் பொறியின் முன் கையுறையே பெரும்பகை. அதன் ஓரிழை சிக்கினால் கையையும் உடன் இழுத்துவிடும். மேல்துண்டு, தொங்கும் வேட்டித் தலைப்பு, கழுத்துச் சங்கிலி, மோதிரம், அவிழ்ந்த கூந்தல் யாவும் அத்தகையனவே. கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி வேண்டும். தன் கண்ணாடி போதும் என்பாரது துணிவு பாராட்டத்தக்கதன்று.

சாணையைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. எஃகு உளியைத் தீட்டும் சாணையில் அலுமினியத்தைத் தேய்த்தல் ஒருகாலும் ஆகாது. மெல்லிய உலோகம் கல்லின் துளைகளை அடைத்துவிடும். அஃது ஒரு தீங்கு. அதனினும் பெரிது மற்றொன்று. அலுமினியத் துகளும் இரும்புத் துருவும் கூடிய இடத்தில் எஃகின் தீப்பொறி விழுமாயின், தண்டவாளங்களைப் பற்றவைத்து ஒட்டுதற்குப் பயன்படும் அதே கடுந்தீ மூளக்கூடும். அலுமினியத்துக்கு உயிர்வளியோடு உள்ள நட்பு இன்னதெனக் கூறினோம். துருவிலுள்ள உயிர்வளியைப் பறித்துக்கொள்ளும்போது அது பெருவெப்பத்தை உமிழ்கின்றது. எரியும் அலுமினியத் துகளின்மேல் நீரூற்றுதல் தீமையை வளர்க்கும். உலர்ந்த மணலைக் கொட்டுவதே வழி. மரப்பட்டறையில் இவ்வேலையைத் தொடங்குமுன் மரத்தூளைப் பெருக்கி அகற்றவேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

குமிழ் உருப்பெற்றபின் அரத்தால் அதன் வரிகளை மட்டமாக்குவர். அரத்தின் பற்களில் அலுமினியம் அப்பிக்கொள்ளும் இயல்புடையது. அரத்தின்மேற் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் அப்பாது. பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டி பட்டறையிலும் பயன்படும் இடம் இது. பிடியில்லா அரத்தைச் சுழலும் பொருளில் வைத்தல் கூடாது. அதன் கூரிய வால் உள்ளங்கையிற் பாயும். பின்னர் உப்புத்தாள் 220, 400, 600 என எண் ஏறும் வரிசையில் நுண்மையாகும். ஒவ்வொரு தாளுக்கும் பின் முந்தைய தாளின் கீறல் முழுதும் மறைந்ததா எனப் பார்த்தே அடுத்ததற்குச் செல்லவேண்டும். அவசரத்தால் ஒன்றைத் தாண்டியவர், இறுதியில் கண்ணாடிபோல் ஒளிரும் பரப்பினுள்ளே பழைய கீறல்கள் சிரிப்பதைக் காண்பர். மெருகுப் பசையைத் துணியிற் குழைத்து விரலிற் சுற்றிப் பிடித்தல் ஆகாது. சிறு துண்டாக, விட்டுவிடக்கூடிய முறையிற் பிடித்தல் வேண்டும். துணி கறுக்கும், அக்கருமை அழுக்கன்று, உலோகத்தின் நுண்துகளே.

மரமும் உலோகமும் ஒன்றாகக் கடையப்படும் இடத்திலேதான் தொழிலாளியின் அறிவு தேர்வுக்குள்ளாகின்றது. சிலர் கருங்காலியின் நடுவில் அலுமினிய வளையத்தைப் பதித்து இரண்டையும் ஒருங்கே கடைவர். கரிய மரத்தில் வெண்கோடு ஓடுவது காண இனிது. ஆனால் மெருகிடும்போது எழும் கருந்துகள் மரத்தின் நுண்துளைகளிற் புகுந்துகொள்ளும். கருங்காலியில் அது தோன்றாது; மஞ்சட் கடம்பு போன்ற வெளிர்மரத்திலோ சாம்பற் கறையாக நிலைத்துவிடும். ஆகவே முதலில் மரத்துக்கு மட்டும் அரக்குச் சாயமோ மெழுகோ பூசித் துளைகளை அடைத்தபின் உலோகத்தை மெருகிடுவர். இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சி மரம் பருக்கும். கோடையில் உலர்ந்து சுருங்கும். உலோகம் இதனை அறியாது. மரத்தைச் சுற்றி வளையத்தை இறுக்கமாகப் பூட்டினால், கோடையில் மரம் சுருங்க வளையம் கழலும். வளையத்தினுள் நெருக்கிய மரம் மழையிற் பருத்து நசுங்கும். மரத்தினுள்ளே உலோகக் கோலை இறுகச் செருகினாலோ, கோடையில் சுருங்கும் மரத்துக்கு இடமின்மையால் வெடிப்புத் தோன்றும். நன்கு உலர்ந்த மரத்தைத் தேர்ந்து, சிறிது நெகிழ்வுள்ள பசையால் ஒட்டி, மயிரிழை இடைவெளி விடுவதே கைகண்ட முறை. எண்ணினால், இவ்விரண்டையும் ஓரிடத்தில் வாழவைப்பது உளிவேலையினும் கடினமானது.

நம் குமிழுக்கு இத்தொல்லை மிகுதியாக இல்லை. அதன் அடியில் 6 மில்லிமீட்டர் பருமனுள்ள முளையொன்று விடப்பட்டுள்ளது. மூடியில் அதனினும் சற்றே அகன்ற துளை போடப்பட்டுள்ளது. குமிழைக் கோலினின்று பிரித்தற்கு உளியால் முழுதும் வெட்டித் துணித்தல் வேண்டா. கழுத்து 5 மில்லிமீட்டரளவு மெலிந்தவுடன் பொறியை நிறுத்தி, இரும்பறுக்கும் வாளால் அறுத்தெடுப்பதே பாதுகாப்பு. அறுத்த இடத்தை அரத்தால் தட்டையாக்கி, முளையிற் பசை தடவி, மூடியின் துளையில் நிறுத்துவர். ஒட்டு இறுகும்வரை ஒரு நாள் அதனைத் தொடுதல் இல்லை.

அந்நாளிற் பட்டறையில் வேறு வேலை உண்டு. படுகையின்மேலும் தரையிலும் கிடக்கும் வெண்சுருள்களைத் தூரிகையால் திரட்டித் தகர டப்பாவில் இடவேண்டும். பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்குதற்கு, மண்ணிலிருந்து அதனை ஆக்குதற்கு வேண்டிய ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கே போதும். ஆகவே பழைய உலோகம் வாங்குவோர் இச்சுருளையும் நிறுத்து விலை கொடுப்பர். மரத்தூள் கலந்திருந்தால் விலை குறையும். அதனாலேயே கடைசற்காரர் உலோகச் சுருளுக்கு ஒரு டப்பாவும் மரச்சீவலுக்கு ஒரு சாக்கும் வைத்திருக்கின்றார். டப்பாவை மூடிவைத்துவிட்டு, படுகையை எண்ணெய்த் துணியால் துடைத்து, மறுநாட் காலை கடைதற்குரிய தொட்டிற்காலுக்கான தேக்குத் துண்டைப் பொறியிற் பொருத்துகின்றார்.